தடி எந்தக் கையில்?

சுளுக்கிய இடது கணுக்கால் ஆறிவிட்டதென்று நம்பி, முதுகில் பையோடு வெள்ளியங்கிரி ஏறினேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் படிக்குப் படி வலி! அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியைப் பாதி வழிவரை தப்பான கையில் பிடித்திருந்தேன் என்பது வேறு கதை.

இடது காலில் அடி என்றால் தடி வலது கையில். அந்தக் காலை வைக்கும்போதே தடியையும் ஊன்றுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது முதலில் தடி, அடுத்து வலிக்கிற கால், அப்புறம் நல்ல கால். மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

இறக்கம் தொடங்குமுன் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். பையில் கனம் வேண்டாம். தண்ணீரை வழியில் ‘கைதட்டிச் சுனை’ என்கிற ஊற்றில் பிடித்துக்கொள்ளலாம். வீக்கம் தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். இறங்கவும் கால் வேண்டுமே.