பெயரைச் சொல்லாதீர்கள், எதற்கென்று சொல்லுங்கள்: கீழமாசி வீதியில் மளிகை வாங்கும் முறை

பழைய மளிகைக்கடைக்கு முதல் தடவை போகிறவர்கள் திணறும் இடம் ஒன்றுதான். உள்ளே போக வழியே இருக்காது. வாசலில் வாய் சுருட்டிவிட்ட மூட்டைகள், அதற்குப் பின்னால் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் கல்லாவில் அண்ணாச்சி, மொத்தக் கடையும் அவர் முதுகுக்குப் பின்னால். ஏற்கெனவே நாலைந்து பேர் நின்று ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். வரிசை கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது, அண்ணாச்சி தலைக்குள். யார் முதலில் வந்தார், யாருக்குப் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது, யார் சும்மா விலை கேட்டுவிட்டுப் போக வந்தவர் எல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது அவர் கண்ணில் படும்படி நின்று ஒரு தடவை தலையாட்டுவது. அவ்வளவுதான், உங்கள் முறை வந்தால் அவரே கேட்பார்.

நான் சொல்வது மதுரைக் கீழமாசி வீதிக் கணக்கு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள் போகும் இல்லையா, அதில் விளக்குத்தூண் பக்கம் தொடங்கித் தேரடிப் பக்கம் வரை மளிகைக்குப் பேர்போன வீதி இது. மொத்த வியாபாரமும் சில்லறையும் கலந்தே இருக்கும். மற்ற ஊர்க் கடைவீதிகளிலும் பழைய கடை என்றால் நடைமுறை ஏறத்தாழ இதுதான், பெயர்கள் கொஞ்சம் மாறும்.

எப்போது போவது என்பதில் பாதி வேலை இருக்கிறது. மாதம் முதல் தேதியிலிருந்து பத்து வரை போகாதீர்கள், சம்பளம் வாங்கிய ஊர் முழுக்க அங்கேதான் நிற்கும். காலையில் லாரியும் குட்டியானையும் மூட்டை இறக்குகிற நேரத்தில் போனால் "ஓரம், ஓரம்" சத்தத்துக்கு நடுவே நீங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மதியம் சாப்பாடு முடிந்து மூன்று, மூன்றரைக்குப் போங்கள். கடை ஓய்ந்திருக்கும், அண்ணாச்சிக்கும் பேச நேரம் இருக்கும், எந்தச் சரக்கு இன்று வந்தது, எது போன மாதத்து மிச்சம் என்று கேட்டால் பதில் வரும். ஞாயிறு போவதாக இருந்தால் ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள். அப்புறம், சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று அந்தப் பக்கமே வேண்டாம். தேர் சுற்றுவதே மாசி வீதிகளில்தான். அன்றைக்குப் பருப்பு வாங்கப் போனவர் என்று உங்களைக் குடும்பத்தில் பல வருஷம் கிண்டல் செய்வார்கள். (எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.)

சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். போனில் இருப்பதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் வசதியில்லை, ஒரு தாள் போதும். அரிசி, பருப்பு ஒரு பக்கம், மிளகாய், மல்லி, சீரகம் வகையறா ஒரு பக்கம், எண்ணெய், சோப்பு, ஊதுபத்தி கடைசியில். ஏனென்றால் எடுத்துவைக்கும் பையன் கடைக்குள் ஒரு சுற்றுதான் போவான், சீட்டும் அந்தச் சுற்றுப்படி இருந்தால் எதுவும் விட்டுப்போகாது. அளவைச் சுருக்கமாகவே சொல்லலாம். "சீரகம் நூறு, கடுகு நூறு, வெந்தயம் அம்பது, து.பருப்பு ரெண்டு" என்றால் கிராம் எது, கிலோ எது என்று அவர்களுக்குத் தெரியும். வயதானவர்கள் இன்னும் பலக் கணக்கில் கேட்பதைப் பார்க்கலாம், ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். பொரி மட்டும் இன்றைக்கும் பல இடங்களில் படியில்தான் அளக்கிறார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி.

சீட்டைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வரலாமா? வரலாம், ஆனால் முதல் மூன்று நாலு தடவை வேண்டாம். நின்று பாருங்கள். நீங்கள் பார்க்கிறவர் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியமான விஷயம். இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பழைய கடையில் சரக்கின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், எதற்கு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். "உளுந்து ஒரு கிலோ" என்றால் கைக்கு எட்டுகிற மூட்டையிலிருந்து ஒரு கிலோ வரும். "இட்லிக்கு உளுந்து" என்றால் அண்ணாச்சி பையனைப் பார்த்து "உள்ள இருக்கிற உருட்டு உளுந்த எடுறா" என்பார், மாவு பொங்கி வருகிற புதுச் சரக்கு அது. "வடைக்கு", "தாளிக்க" என்று சொன்னால் வேறு வேறு மூட்டை திறக்கும். அரிசியும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு என்றால் ஒரு வருஷம் பழகிய அரிசி, அதுதான் உதிரியாக வடியும். பொங்கலுக்கு என்றால் குழையக்கூடிய புது அரிசி. இரண்டும் பொன்னி என்ற ஒரே பெயரில்தான் இருக்கும், பெயரை வைத்து என்ன செய்வது?

மிளகாயில் இது இன்னும் முக்கியம். ராமநாதபுரம் முண்டு உருண்டையாக, தோல் தடித்து இருக்கும், சாம்பாருக்கும் தாளிப்புக்கும் அந்த வாசனைக்கு நிகர் இல்லை (2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது). நீளமான சம்பா மிளகாய் பொடிக்குக் காரம் கொடுக்கும். நிறம் மட்டும் வேண்டும் என்றால் காஷ்மீரி. வருஷத்துக்குக் குழம்புப் பொடி அரைக்கப் போகிறேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், எதில் எத்தனை என்று அவரே கணக்குப் போட்டுத் தருவார், மல்லி எவ்வளவு, விரலி மஞ்சள் எவ்வளவு என்பது வரை. அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புளியும் கேட்டு வாங்க வேண்டிய சரக்குதான். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும், நிறம் வெளுப்பாக இருக்கும், ரசத்துக்கு நல்லது. கறுத்த பழைய புளி காரக்குழம்புக்கும் புளியோதரைக்கும். கொட்டை எடுத்ததா, கொட்டைப் புளியா என்று கேட்காமல் விலையை ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது கை. அந்த மூட்டைகள் வாய் திறந்து வாசலில் இருப்பதே நீங்கள் தொட்டுப் பார்க்கத்தான். துவரம் பருப்பு கேட்டால் பையன் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் போட்டு நீட்டுவான். அதை உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, கட்டைவிரலால் பரத்திப் பாருங்கள். நல்ல பருப்பு வட்டமாக, ஒரே அளவில், மங்கலான மஞ்சளில் இருக்கும். ரொம்பப் பளபளப்பாக இருந்தால் பாலிஷ். ஒரு பக்கம் சரிந்து ஆப்பு மாதிரி இருக்கும் பருப்பு நடுவில் கண்ணில் பட்டால் அது கேசரிப் பருப்புக் கலப்பாக இருக்கலாம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றை எடுத்துக் கடியுங்கள், டக்கென்று உடைய வேண்டும், பல்லில் அமுங்கினால் ஈரம் இருக்கிறது. பிறகு மூட்டைக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டு எடுங்கள். கையில் மாவு ஒட்டினால் வண்டு வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மேலே இருக்கும் பருப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஒரு மரியாதை: பார்த்த பருப்பைத் திரும்ப மூட்டையில் போடாதீர்கள், காகிதத்தோடு மேஜையில் வைத்துவிடுங்கள்.

சீரகத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள், கை கறுத்தால் அது வேறு ஏதோ விதைக்குக் கரிச்சாயம் ஏற்றியது. மிளகை வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்லது அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். வெல்லம் வெளிர் மஞ்சளாக ஜொலித்தால் ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கும் என்ற சந்தேகம் வர வேண்டும், கொஞ்சம் கறுத்த மண்டை வெல்லத்தைக் கேளுங்கள். பொங்கலுக்கு அது நிறம் தராது என்று மாமியார்கள் சொல்வார்கள், ருசியைப் பாருங்கள்.

மிளகாய் விஷயத்தில் நான் சூடுபட்டிருக்கிறேன். ஒரு கார்த்திகை மாதம், மழை பெய்துகொண்டிருந்தது, விலை குறைவு என்று ஒரு கடையில் ஐந்து கிலோ வாங்கினேன். எந்தக் கடை என்பது இப்போது எதற்கு. நல்ல சிவப்பு, நல்ல வாசனை, கையில் எடுத்தால் மட்டும் தோல் மாதிரி வளைந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். வெயில் வந்த பிறகு மாடியில் மூன்று நாள் காயவைத்து நிறுத்துப் பார்த்தால் நாலு கிலோவும் கொஞ்சமும்தான், அதிலும் உடைத்துப் பார்த்தால் சிலவற்றுக்குள் பூஞ்சை. ஈரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மிளகாயைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுங்கள், விதை கிலுகிலுவென்று கேட்க வேண்டும். மடக்கினால் ஒடிய வேண்டும். வருஷத்துக்கு வாங்குவதாக இருந்தால் புது மிளகாய் வருகிற பங்குனி, சித்திரையில் வாங்குங்கள், காயவைக்க வெயிலும் இருக்கும்.

விலைக்கு வருவோம். நூறு கிராம் சீரகத்துக்குப் பேரம் பேசாதீர்கள், அசிங்கமாக இருக்கும். ஐந்து கிலோவுக்கு மேல் எடுத்தால் "மொத்த விலை போடுங்க" என்று கேட்கலாம், அது கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். உதிரியாக நிறுத்துத் தரும் அரிசி, பருப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டி வருவதற்கு 5 சதவீதம் உண்டு. அதனால்தான் கடைகளில் 26 கிலோ அரிசிச் சிப்பம் முளைத்தது, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26 என்று இருக்கும்போது சிப்பம் விலையை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள், கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சோப்பு, பேஸ்ட் வகையறாவுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்க முடியாது, குறைத்துத் தரலாம், பழைய கடைகளில் கேட்காமலே ஒன்றிரண்டு ரூபாய் குறைப்பார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் பாக்கெட் சாமானுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம், அது சூப்பர் மார்க்கெட்டில் சில நேரம் இன்னும் மலிவு. இங்கே வருவது மூட்டைச் சரக்குக்கு.

தராசில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சாமானை வைப்பதற்கு முன்னால் பூஜ்யம் காட்டுகிறதா. டப்பா கொண்டுபோயிருந்தால் அதை வைத்துப் பூஜ்யம் ஆக்கச் சொல்லுங்கள். மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒரு தடவை முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம், அந்தச் சான்றிதழைப் பல கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள்.

பையும் டப்பாவும் கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, ஆனால் அதற்கும் முன்னாலிருந்தே இந்தக் கடைகளின் பழக்கம் காகிதப் பொட்டலம்தானே. மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து, நாலு சுற்றுச் சுற்றி, ஒரு சொடுக்கில் அறுக்கிற வேகத்தைப் பார்க்கவே நான் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன். பழைய செய்தித்தாளில் மட்டும் தின்பண்டம் கட்டச் சொல்லாதீர்கள், அச்சு மை ஒட்டும். பொரிகடலை, வெல்லம் எல்லாம் டப்பாவில் வாங்கிவிடுங்கள்.

கடன் கேட்காதீர்கள். "இன்று ரொக்கம் நாளை கடன்" பலகை வேடிக்கைக்காக மாட்டியதில்லை. இரண்டு மூன்று வருஷம் பழகிய பிறகு, ஒருநாள் பணம் குறைந்து நீங்கள் சாமானைக் குறைக்கப் போகும்போது, "இருக்கட்டும், அப்புறம் கொடுங்க" என்று அவரே நோட்டை எடுப்பார். அடுத்த தடவை போகும்போது அவர் கேட்பதற்கு முன்னால் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள், புதுச் சாமான் சொல்வது அதற்குப் பிறகு.

கடைசியில் கணக்குப்பிள்ளை பிள்ளையார் சுழி போட்ட சிட்டையை வாசிப்பார், பையன் ஒவ்வொரு பொட்டலமாகப் பைக்குள் போடுவான். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், காதால் கேட்டு எண்ணுங்கள். அப்படியும் ஏதாவது விட்டுப்போகும், பெரும்பாலும் பெருங்காயம், ஏலக்காய் மாதிரிச் சின்னப் பொட்டலம்தான். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பிச் சிட்டையோடு ஒத்துப்பாருங்கள். குறைந்தால் மறுநாளே சிட்டையோடு போங்கள், ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் கொஞ்சம் யோசிப்பார்கள். வண்டு இருந்தாலும் பொட்டலத்தோடு திரும்பக் கொண்டுபோகலாம், பாதி சமைத்த பிறகு கொண்டுபோகாதீர்கள். சிட்டையை அடுத்த மாதச் சாமான் வாங்கும் வரை அடுப்படி ஆணியில் குத்தி வையுங்கள், புதுச் சீட்டு எழுத அதுவே போதும்.