1900களின் பஃப் கை ரவிக்கை, ஊட்டிக் குளிருக்கு

உயர்ந்த கழுத்து, லேஸ், நீளக்கை. 36 அங்குல அகல மல் (மெல்லிய பருத்தி) துணி 2½ மீட்டர் போதும். வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள். ஊட்டி மழைக்காலத்தில் காய இரண்டு நாளும் ஆகலாம்.

கைதான் சிரமம். கைக்குழி 16 அங்குலமானால் கையின் மேல்வளைவு 24. இயந்திரத்தில் தையல் நீளத்தை 4-இல் வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒன்று, அரை அங்குலத்தில் ஒன்று என இரு வரி ஓட்டி, பாபின் நூல்களை (அடிநூல்களை)ச் சேர்த்து இழுங்கள். கையை உடலோடு இணைக்கும் தையல் அந்த இரு வரிக்கும் நடுவே. ஒரே வரியானால் சுருக்கம் புரளும். அக்குளில் இருபுறமும் 3 அங்குலம் சுருக்கமின்றி விடுங்கள், இல்லையேல் உறுத்தும். பஃப் நிற்க உள்ளே நெட் பட்டை வையுங்கள். கஞ்சியை நம்பாதீர்கள், பனிமூட்டத்தில் தளர்ந்துவிடும்.

கொக்கி பித்தளையில் வாங்குங்கள்; இரும்பு துருப்பிடித்துத் துணியில் கறை விடும்.