அறுபதுகளின் தலைமறைவு இதழ்களைச் சேகரிக்கும் முறை

1960களின் நடுவிலிருந்து அடுத்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்த எதிர்க்கலாச்சார இதழ்கள், அதாவது நடப்பு அரசியலையும் சமூக வழக்கங்களையும் எதிர்த்த இளைஞர்களின் இதழ்கள், நூற்றுக்கணக்கானவை. 'தலைமறைவு' (அண்டர்கிரவுண்ட்) என்பது பெயரளவில்தான்; இவற்றில் பல தெருமுனைகளில் கூவி விற்கப்பட்டவை. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அலமாரி நிறையுமே தவிர, அதைத் தொகுப்பு என்று சொல்ல முடியாது. ஆகவே, தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிந்த ஒரே ஓர் இதழ் வரிசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1966 முதல் 1968 வரை 12 இதழ்களோடு நின்றுவிட்ட 'சான் பிரான்சிஸ்கோ ஆரக்கிள்', 1967 முதல் 1973 வரை லண்டனிலிருந்து 48 இதழ்கள் வந்த 'ஓஸ்' ஆகிய இரண்டும் அதற்குப் பொருத்தமானவை. லண்டன் ஓஸ் இதழ்களை ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகம் மின்வடிவில் வெளியிட்டது. பணத்தை எடுப்பதற்கு முன் மின்வடிவில் கிடைப்பவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, எந்த இதழ் எண்ணில் எத்தனை பக்கங்கள், எதில் மடிப்புச் சுவரொட்டி என்று ஒரு குறிப்பேடு தயாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பேட்டின் அருமை எனக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது. 1966 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 'இன்டர்நேஷனல் டைம்ஸ்' போன்றவை செய்தித்தாளைப் போல, கம்பிப் பின் (ஸ்டேப்பிள்) அடிக்காமல் மடித்து மட்டுமே விற்கப்பட்டவை. அவ்வகையில் 12 பக்கத் தாள் ஒன்றை அஞ்சலில் வாங்கினேன். பிரித்துப் படித்தபோது, 4ஆம் பக்கத்தின் அடியில் பாதியில் நின்ற வாக்கியத்தின் மீதியை எங்கும் காணவில்லை. நடுத்தாள் ஒன்று நழுவியிருந்ததால் 5 முதல் 8 வரையிலான பக்கங்கள் ஒருசேரப் போயிருந்தன. அன்று முதல், நடுப்பக்க விரிப்பின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்காமல் நான் விலை பேசுவதில்லை. பின் அடித்த இதழ்களில், பின் துருப்பிடித்திருந்தால் அதே அளவு கறை காகிதத்திலும் இருக்க வேண்டும். பழைய துளைகளுக்குப் பக்கத்தில் பளபளப்பான பின் இருந்தால், இரண்டு குறைப் பிரதிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். சுவரொட்டிகள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் அறைச் சுவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்தது, எந்த அச்சு என்ற கேள்வி. 1968இல் வெளிவந்த 'ஜாப் காமிக்ஸ்' முதல் இதழ் பலமுறை மறுபடி அச்சிடப்பட்டது; அதன் முதல் அச்சில் விலை 25 சென்ட் என்றும், பின்னட்டையில் அச்சிட்டவர் சார்லஸ் பிளைமெல் என்றும் இருக்கும். அந்தச் சிறு வரியைப் பார்க்காமல் முதல் அச்சின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது. ஆரக்கிளில் நேர்மாறான குழப்பம் வரும். அச்சு இயந்திரத்தின் மைத்தொட்டியைத் தடுப்புகளால் பிரித்துப் பல நிற மைகளை ஊற்றி, உருளை சுழலச் சுழல அவை ஓரங்களில் கலக்கும்படி அச்சிட்டார்கள். ஒரே எண்ணின் இரு பிரதிகளில் நிறங்கள் சற்றே வேறுபடுவதற்கு இதுவே காரணம். அதைக் கொண்டு பிரதி போலியானது என்று முடிவு கட்ட வேண்டாம். 1990களில் ஆரக்கிளின் முழுத் தொகுப்பு நகல் பதிப்பாகவும் வந்தது. படிப்பதற்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

வழக்கால் புகழ்பெற்ற பிரதிகளில் நிதானம் தேவை. ஓஸ் 28ஆம் எண்ணின் மீது 1971இல் ஆபாச வழக்கு நடந்து, தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ரத்தானது. அந்த ஓர் எண்ணுக்குக் கேட்கப்படும் தொகையில், பேசப்படாத பிற எண்கள் சிலவற்றையாவது வாங்கிவிடலாம். இந்தியாவுக்குத் தருவிப்பவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும்: ஆபாச அச்சுப் பொருள்களை இறக்குமதி செய்ய இங்கே தடை இருக்கிறது, சுங்க அதிகாரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை எளிதுதான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தாலும் காற்றாலும் அமிலமாகி, தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். அமிலமற்ற அட்டையை அடியில் வைத்து, பாலியெஸ்டர் உறையில் இட்டு, பெட்டிக்குள் படுக்கை வசமாக அடுக்குங்கள். பி.வி.சி. உறை, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் ஆகாது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் மானி ஒன்றைப் பெட்டியருகே வைத்து, அளவு 50 விழுக்காட்டைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளை அடிக்கடி மாற்றத்தான் வேண்டியிருக்கும்.