சீட்டில் 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று இருந்தால் எப்படிப் புரிந்துகொள்வது

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இடுப்பு வலி இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். அம்மா ரப்பர் பால் வெட்டியவர், அப்பா செம்பனைக் குலை வெட்டியவர், மகன் இப்போது அதே குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறான். அதனால்தான் இருபது வயதுப் பையன் இடுப்பு வலி என்றால், "வேலை அப்படிடா, எண்ணெய் தேய்ச்சு உருவி விட்டா சரியாப் போகும்" என்று எல்லாரும் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே சில பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் நோய் தெரியாமலே போய்விடுகிறது. அந்த நோயின் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். சுருக்கமாக ஏ.எஸ். முதுகெலும்பில் அழற்சி வந்து, நாளடைவில் அதை விறைக்க வைக்கும் நோய் இது.

நான் அரசாங்க கிளினிக்கில் மிசியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு, "மிசிக்கா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று வருவார்கள். அதிகம் குழப்புவது 'ஸ்பாண்டி' என்று தொடங்கும் பெயர்கள்தான்.

அந்தப் பெயரின் கடைசிப் பகுதியை முதலில் பாருங்கள். 'ஸ்பாண்டில்' என்றால் கிரேக்கத்தில் முதுகெலும்பின் கண்ணி. முடிவில் 'ஐட்டிஸ்' என்று இருந்தால் அழற்சி. 'ஓசிஸ்' என்று இருந்தால், அதாவது ஸ்பாண்டிலோசிஸ் என்றால், வயதாக ஆக முதுகெலும்பும் அதன் இடையே உள்ள வட்டுகளும் தேய்வது. அறுபது தாண்டியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் இது தெரியும். 'ஓலிஸ்தசிஸ்' என்றால் ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் நழுவியிருப்பது. நம் ஆட்கள் வாயில் மூன்றுமே 'ஸ்பாண்டிலைட்டிஸ்' ஆகிவிடும். கழுத்து தேய்ந்த ஒரு மாமா, "எனக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ்தான், கழுத்துப் பட்டை போட்டேன், சரியாயிடுச்சு" என்பார். அவருக்கு இருந்தது தேய்மானம். அதைக் கேட்டு ஏ.எஸ். உள்ள பையனும் பட்டை போட்டுப் படுத்துக்கொண்டால் அவனுக்குக் கெடுதல்தான்.

முன்னால் உள்ள சொல்லையும் விடாதீர்கள். 'ஆங்கிலோசிங்' என்றால் மூட்டு விறைத்து ஒட்டிப்போவது. அதுவே 'டியூபர்குலஸ் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்றிருந்தால் காசநோய்க் கிருமி முதுகெலும்பைத் தாக்கியிருக்கிறது, மருந்தே வேறு. இப்போது வரும் சீட்டுகளில் 'ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ்' என்றும் எழுதுகிறார்கள். அது இதே குடும்பத்தின் பொதுப் பெயர். எக்ஸ்ரேயில் சேதம் இன்னும் தெரியாதவர்களும் அதில் அடக்கம். வேறு நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஏ.எஸ்.ஸை முடக்குவாதம் என்று சொல்லாதீர்கள். அது ருமட்டாயிட், பெரும்பாலும் கை விரல்களில் தொடங்குவது.

சரி, வேலை வலியா இந்த வலியா என்று எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, குலை வெட்டுகிறவன், சொன்னதை அப்படியே தருகிறேன். விடியற்காலை நாலு மணிக்கு இடுப்பு வலியில் விழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்க முடியாமல் எழுந்து வீட்டு வாசலில் நடப்பான். பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு)ப் போகும்போது குனிந்து சப்பாத்து மாட்ட முடியாது. வேலை தொடங்கி உடம்பு சூடானதும் இடுப்பு இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் படுத்துக் கிடந்தால்தான் வலி அதிகம். ஒரு வாரம் இடது பிட்டம், மறுவாரம் வலது பிட்டம்.

இதில் ஒவ்வொன்றும் துப்பு. மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு ஓய்வெடுத்தால் குறையும். இது ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். நாற்பத்தைந்து வயதுக்குள், பெரும்பாலும் இருபதுகளில், மெல்ல மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால், கிளினிக்குக்குப் போங்கள். பெண்களுக்கும் வரும். பிள்ளை பெற்ற இடுப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

டாக்டரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். கூட்டம் அப்படி. நேரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். மலாயில் சொல்வதானால்: "பங்குன் பாகி பிங்காங் கெராஸ், லெபே செத்தெங்ஙா ஜாம். பிலா ஜாலான் பாரு லெகா." அதாவது, காலையில் எழுந்தால் இடுப்பு விறைப்பு, அரை மணி நேரத்துக்கு மேல்; நடந்தால்தான் இளகும். குடும்பத்தில் யாருக்காவது இதே நோய், சோரியாசிஸ் என்ற தோல் நோய், நீண்டகாலக் குடல் அழற்சி இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி பிரிவுக்குக் கடிதம் தர முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். காசுக்குப் பயந்து நிற்கத் தேவையில்லை.

பரிசோதனை முடிவைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1973இல் கண்டுபிடித்தார்கள். ஏ.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஆகவே 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லை வைத்து அழ வேண்டாம். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் சாதாரணமாக இருந்தாலும் நோய் இருக்கலாம். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் சேதம் எக்ஸ்ரேயில் தெரிய வருஷங்கள் ஆகும், எம்.ஆர்.ஐ. அதற்கு முன்பே அழற்சியைக் காட்டும்.

மருந்து விஷயம் டாக்டர் சொல்வார். முதலில் அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகள், அது போதாவிட்டால் காசநோய் சோதனை செய்துவிட்டு ஊசி. கடையில் அதே வகை மாத்திரையை வாங்கிக் கூடுதலாகப் போடாதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும். தினமும் முதுகை நிமிர்த்தும் உடற்பயிற்சி மருந்துக்குச் சமம். சிகரெட்டை விடத்தான் வேண்டும்.

இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. ஒன்று, சந்தையில் விற்கும் பெயர் தெரியாத மூட்டுவலி மாத்திரை. இப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது. பல வருஷம் இந்த நோய் இருந்த முதுகெலும்பு ஒட்டிப்போய்க் காய்ந்த மூங்கில் மாதிரி இருக்கும், வளையாது, உடையும். சும்மா வழுக்கி விழுந்து புதிதாக வலி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் 'எனக்கு ஏ.எஸ்.' என்று சொல்லுங்கள்.

அப்புறம் கண். ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனால் அது சாதாரண கண்வலி இல்லாமல் இருக்கலாம். ஏ.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது வரும், கண்ணின் உள்ளே அழற்சி. கடைச் சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். முதுகு நோயையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர்கள், காலையில் இடுப்பு விறைப்பதைக் கண் டாக்டரிடமே சொல்லுங்கள்.