டெங்கு அதிர்ச்சியில் ஸ்கேன்: அடுத்த சேலைனுக்கு முன் பார்க்க வேண்டியவை

கொழும்பில் ஆனி, ஆடி மழையோடு டெங்கு கூடும் நாட்களில், அதிர்ச்சியில், அதாவது குருதியோட்டம் குறைந்து, கைகால் குளிர்ந்து நாடி மெலிந்த பிள்ளைக்கு இன்னும் சேலைன் ஏற்றலாமா, நிறுத்தலாமா என்பதுதான் கட்டிலருகே எழும் கேள்வி. 20 கிலோ பிள்ளைக்கு குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும் காலமான 48 மணித்தியாலத்துக்கும் உரிய மொத்த நீர் 2500 மில்லிலீற்றர்தான். வேகமாக ஏற்றுவதும் அதிலேயே கழியும்.

முதலில் ஜெல்லை இளஞ்சூடாக்குங்கள். குளிர் ஜெல் பட்டால் பிள்ளை வீரிட்டழும். அழுகையின் ஆழ்மூச்சில் இதயத்துக்குக் குருதியைக் கொண்டுவரும் கீழ்ப் பெருநாளம் சுருங்கி, நீர் போதாததுபோல் காட்டும். தாய் கையைப் பிடித்திருக்கட்டும்.

நெஞ்செலும்பின் கீழ்முனைக்குக் கீழே புரோப்பை (உடலில் வைக்கும் ஸ்கேன் தலையை) சாய்த்து, இடது தோளை நோக்கிப் பாருங்கள். இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா? இடது இதயவறையின் சுவர்கள் ஒன்றையொன்று முத்தமிட்டால் உள்ளே குருதி குறைவு. சோம்பலாக அசைந்தால் சேலைனைக் கூட்டாதீர்கள், மூத்த வைத்தியரை உடனே அழையுங்கள்.

அடுத்து புரோப்பை 90 பாகை திருப்பினால், ஈரலினூடே இதயத்தின் மேலறையான வலது சோணையறைக்குள் நுழையும் கீழ்ப் பெருநாளம் தெரியும். இடப்பக்கம் தடித்த சுவரோடு துடிப்பது பெருநாடி. அவசரத்தில் இரண்டும் மாறிப்போகும். நாளம் சோணையறையில் திறப்பதைக் கண்ட பிறகே அளவெடுங்கள், அதிலிருந்து 1–2 சென்ரிமீற்றர் கீழே. எடைக்கு எடை அளவு மாறுவதால் பெருநாடியோடு ஒப்பிடுவதே மேல்: விகிதம் ஏறத்தாழ 0.8இற்குக் கீழே போனால் நீர்க்குறைவைச் சந்தேகிக்கலாம். சின்ன வயிறு மெத்தென்றிருக்கும், கை அழுத்தமே நாளத்தைத் தட்டையாக்கிவிடும். வயிற்றில் நீர் நிறைந்து இறுகினாலும் அப்படித்தான். அதை வெறுமையென்று எண்ணி மேலும் ஏற்றினால் பிள்ளை மூச்சுக்குத் திணறும். நாங்கள் மிகவும் அஞ்சும் தவறு இதுதான். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் பிள்ளைக்கு மூச்சு உள்ளே போகும்போது நாளம் விரியும், ஆகவே சுருங்குவதை வைத்துக் கணிக்க வேண்டாம்.

பிறகு இரு நுரையீரல்களும். வலப்பக்க நெஞ்சுநீர் கசிவின் அடையாளம். 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த பித்தப்பைச் சுவரும் கசிவைத்தான் சொல்லும், குருதியோட்டத்தை அல்ல.

டொப்ளர் (குருதியின் வேகத்தை அளக்கும் ஸ்கேன் முறை) பழகியவர்கள், பெருநாடி வால்வுக்குச் சற்றுக் கீழே, 20 பாகைக்குள் கோணம் வைத்து, 3–5 துடிப்புகளின் VTI (ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியைக் காட்டும் அளவு) சராசரியைக் குறியுங்கள். கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் ஏற்றி மறுபடி பாருங்கள். 15 வீதமாவது கூடினால் பயன்பட்டது, கூடாவிட்டால் நிறுத்துங்கள்.

நாளம் வெறுமையாக இருக்க, பீசீவீயும் (குருதியில் செங்கலங்களின் வீதமும்) இறங்கினால் உள்ளே குருதி கசிகிறதா என்று தேடுங்கள். அப்போது தேவை சேலைன் அல்ல, குருதி.