கீபோர்ட்டுக்குக் கிற்றார் அம்பிளிஃபயர் வேண்டாம்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் கீபோர்ட் வாசிப்பவர், குறைந்த செலவில் ஒலிப்பெட்டி வாங்குவதாயின், மலிவாகக் கிடைக்கிறதே என்று கிற்றார் அம்பிளிஃபயரை எடுக்காமல், அம்பிளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட 10 அல்லது 12 அங்குல அக்டிவ் ஸ்பீக்கர் ஒன்றை, பாவித்ததாயினும், வாங்குவதே நல்லது. கிற்றார் அம்பிளிஃபயர்களில் பெரும்பாலும் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) இருப்பதில்லை; ஆகவே ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒலி மங்கி, கீபோர்ட்டின் மணியோசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். 61 கட்டைக் கீபோர்ட்டின் இடது ஓரக் கட்டை ஏறத்தாழ 65 ஹேர்ட்ஸில் ஒலிப்பதால், சிறிய கிற்றார் பெட்டியில் அடிச்சுருதியின் கனமும் குறைந்துவிடும். அக்டிவ் ஸ்பீக்கர் இரு முனைகளையும் தாங்கும். பாடகரின் மைக்கையும் பெரும்பாலும் அதிலேயே செருகலாம்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘1,000 வாட்ஸ்’ அநேகமாக உச்ச அளவே என்பதால், தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் காட்டும் ஆர்.எம்.எஸ். அளவைக் கேட்டறியுங்கள். ஒரே வயரில் இணைப்பதாயின், கீபோர்ட்டின் பின்புறத்தில் ‘எல்/மோனோ’ என்றிருக்கும் துளையிலேயே செருக வேண்டும். வலது துளையில் மட்டும் செருகினால் ஸ்டீரியோ ஒலியின் ஒரு பாதியே வெளிவரும்.

மண்டபத்திலேயே முழுமையான ஒலியமைப்பு இருக்குமாயின் இந்தச் செலவு தேவையில்லை, கீபோர்ட்டை அந்த ஒலியமைப்புடன் இணைக்கும் சிறு பெட்டியான டி.ஐ. பொக்ஸ் ஒன்று போதும். ஓர்கன் ஒலியில் வேண்டுமென்றே கரகரப்பைத் தேடுபவருக்கும் இந்த ஆலோசனை பொருந்தாது.