ரிப்பிள் குறையவில்லையா? கெப்பாசிட்டரை மாற்றுமுன் இவற்றைப் பாருங்கள்

பவர் சப்ளையில் ரிப்பிள் எனும் இரைச்சல் (டிசி மின்னழுத்தத்தில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) என்றதும் ரிச்சி தெருவுக்குப் போய், இருப்பதைவிடப் பெரிய கெப்பாசிட்டரை வாங்கிவந்து பற்றவைப்பதே சென்னையில் பலருடைய முதல் வேலை. முதல் தவறும் அதுதான். ரிப்பிள் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்று ஆசிலோஸ்கோப்பில் பார்த்த பிறகே கடைக்குக் கிளம்புங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜின் நான்கு டையோடுகளும் ஒழுங்காக இருந்தால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸில் வரும். 50 ஹெர்ட்ஸில் வந்தால் ஒரு டையோடு செத்திருக்கிறதா என்று சோதியுங்கள். பல்லாயிரம் ஹெர்ட்ஸ் என்றால் அது மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தும் ஸ்விட்சிங் பகுதியிலிருந்து வருவது.

மல்டிமீட்டர் காட்டும் டிசி அளவை நம்புவதுதான் மிகுதியாக ஏமாற்றுவது. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், 2200 மைக்ரோஃபாரட், 12 வோல்ட் தரும் 7812 ரெகுலேட்டர், 1 ஆம்பியர் சுமை என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 17 வோல்ட். டையோடுகளில் இழந்தது போக ஏறக்குறைய 15.5. மின்னோட்டத்தை ரிப்பிளின் அதிர்வெண்ணாலும் கெப்பாசிட்டரின் அளவாலும் வகுத்தால் ரிப்பிள் தோராயமாக 4.5 வோல்ட். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் 11 வோல்ட் வரை இறங்குகிறது. 7812-க்கோ உள்ளீட்டில் 14 வோல்ட்டாவது வேண்டும். மீட்டர் 13 சொச்சம் என்று சராசரியைக் காட்டி நம்மை நிம்மதியாக அனுப்பிவிடும்! 4700 போட்டாலும் பள்ளம் 14-ஐ எட்டாது. மாலையில் லைன் வோல்டேஜ் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். இங்கே தேவை 15 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் ரெகுலேட்டருக்கு நல்ல ஹீட் சிங்கும்.

கெப்பாசிட்டரை அளவின்றிப் பெருக்கினால் டையோடுகள் மிகக் குறுகிய நேரத்தில் பெரும் மின்னோட்டத்தைக் கடத்த வேண்டியிருக்கும். பிரிட்ஜும் டிரான்ஸ்பார்மரும் சுடும்.

ஸ்விட்சிங் சப்ளையில் மைக்ரோஃபாரட் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அங்கே ரிப்பிளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கெப்பாசிட்டரின் உள்தடை. அது குறைவாக உள்ள, ரிப்பிள் மின்னோட்டத்தைத் தாங்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். சென்னையின் அக்னி நட்சத்திர வெயிலில், மூடிய பெட்டிக்குள், 85 டிகிரி வரை தாங்கும் வகையைப் போடுவது வீண். 105 டிகிரி வகைக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். புரோபின் நீண்ட கிரவுண்ட் வயர் ஆன்டெனாவாகி, இல்லாத ரிப்பிளைக் காட்டும். அதைக் கழற்றிவிட்டுக் குட்டி ஸ்பிரிங்கைப் பொருத்தி, ஆசிலோஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரம்பை இட்டு, வெளியீட்டு கெப்பாசிட்டரின் கால்களிலேயே அளவெடுங்கள். சுமைக்குப் போகும் வயர்களையும் அந்தக் கால்களிலிருந்தே எடுக்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்தால், கெப்பாசிட்டரை மின்னேற்றும் துடிப்புகள் சுமையின் கிரவுண்டிலும் கலந்துவிடும்.